ஆல்டர் கட்டுக்குள் ஓட்டைத் துணி

மாரடைப்பில் என் கணவரின் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார் டாக்டர். என் மகள் வெளியூரில் வரிக்குதிரை மீனின் இதயத்தை ஆராய்கிறாள். அதில் ஒரு துண்டை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடுமாம்.

"அப்பாவுக்கும் அப்படி வளர வைக்க முடியாதா கண்ணு?" என்று போனில் கேட்டேன்.

"மனுசனுக்குத் தழும்புதாம்மா வரும். தழும்பு துடிக்காது. அதுக்கு இன்னும் யாருக்கும் வழி தெரியலம்மா" என்று அழுதாள்.

எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் பிசகினால் பிரித்துத் தைக்க 'ஆல்டர்' என்று தனிக் கட்டாக வைப்போம். துணியே ஓட்டையானால் ரிஜெக்ட். மறுநாள் என்னை அறியாமல் ஓட்டைத் துணியையெல்லாம் ஆல்டரில் வைத்துவிட்டேன்.

"ஏனுங்கக்கா, ஓட்டைய யாருங்க ஆல்டர் பண்ணுவாங்க?" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

என் மகள் பண்ணுவாள் என்று வாய்வரை வந்தது. துணிகளை எடுத்து ரிஜெக்ட் பெட்டியில் போட்டேன்.