ஃபேன் சத்தம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கு நடந்தது, கேட்டது என் காது. இதை எழுதும்போதும் அந்த லேப்டாப் எதிரே மேசையில் மூடித்தான் கிடக்கிறது.

கேம் ஆடுவதற்கென்று பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினேன். விற்றவர் ஒரு அக்கா. தம்பியுடையது என்றார். பேரம் பேச வாயைத் திறந்தேன். நான் சொன்ன முதல் விலைக்கே கொடுத்துவிட்டார். "நல்லா ஓடும்ல?" என்றேன். "ஓடும்... கொஞ்சம் சூடாகும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்சமா? கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கீபோர்டில் விரல் வைக்க முடியாது. தொண்ணூற்றைந்து டிகிரி என்று திரையின் மூலையில் காட்டும். அதற்குப் பிறகு படம் திக்கித் திக்கித்தான் நகரும். எதிரி என்னைச் சுட்டு, துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகுதான் நான் செத்ததே எனக்குத் தெரியவரும்.

நானும் சும்மா இருக்கவில்லை. கிராபிக்ஸைக் குறைத்தேன். அடியில் இரண்டு தடிப் புத்தகங்களை முட்டுக் கொடுத்தேன். பக்கவாட்டு ஓட்டைகளைப் பிரஷ்ஷால் துடைத்தேன். திறந்து பார்க்க மட்டும் பயம். நான் கழற்றிய சாமான் எதுவும் திரும்ப ஒன்று சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஃபேன்தான் பாவம், உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தது. உஸ்ஸ்... உஸ்ஸ்...

ஒன்றுதான் உறுத்தியது. அந்த ஓட்டைகளில் கை வைத்தால் காற்றே வரவில்லை. சூட்டைக் காட்டும் அதே சாஃப்ட்வேர், ஃபேன் வேகம் பூஜ்யம் என்றது. ஓசியில் இறக்கியது, அப்படித்தான் உளறும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். என் நாற்காலிக்குப் பின்னால் அப்பாவின் கட்டில். அவருக்கு நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. இரவில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடுதான் தூங்குவார். அம்மாவுக்கு நைட் ஷிப்ட். கிளம்பும்போது தினமும் அதே பாட்டுதான்.

"ரெண்டு காதையும் அடைச்சுக்காதடா. அப்பாவுக்கு ஏதாவதுன்னா கேக்கணும்."

"ஒரு காதுதாம்மா. நீ கிளம்பு, பஸ் போயிடும்."

அப்படித்தான் ஆடுவேன். ஒரு காதில் கேம், ஒரு காதில் அப்பா. அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. டாக்டர் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து அந்தப் பயம் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அன்றிரவு டீமோடு ஆடிக்கொண்டிருந்தேன். எங்கள் கேப்டனைக் கொசு என்றுதான் கூப்பிடுவோம், குரல் அப்படி. மணி 1:40 இருக்கும்.

"டேய், உங்க வீட்ல யாரு குறட்டை விடுறது?" என்றான் ஹெட்போனில்.

"குறட்டை இல்லடா. லேப்டாப் ஃபேன்."

"ஃபேன் எங்கயாச்சும் இப்படி இழுத்து இழுத்து விடுமா?"

சிரித்தேன். பிறகு உற்றுக் கேட்டேன்.

அவன் சொன்னது சரி. ஃபேன் என்றால் ஒரே சீராக ஓட வேண்டும். இது உள்ளே இழுத்தது... நின்றது... வெளியே விட்டது.

கேமை மூடினேன். சூடு இறங்கியது. தொண்ணூறு... எழுபது... ஐம்பது. சத்தம் மட்டும் இறங்கவில்லை. ஏறியது.

ஷட் டவுன் கொடுத்தேன். திரை இருண்டது. மணி 1:46.

உஸ்ஸ்... உஸ்ஸ்...

சார்ஜரைப் பிடுங்கினேன்.

உஸ்ஸ்...

குனிந்து கீபோர்டில் காதை வைத்தேன். இன்னும் சுட்டது. உள்ளே... யாரோ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

இழுத்தது.

நின்றது.

விடவில்லை.

அமைதி...

அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது. அறையில் வேறு எந்த மூச்சும் கேட்கவில்லை.

திரும்பினேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கை என் முதுகை நோக்கி நீண்டிருந்தது. குழாய் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

பாய்ந்து எடுத்து மாட்டினேன். நிமிர்த்தி உட்காரவைத்து நெஞ்சோடு சாய்த்துக்கொண்டேன். "அப்பா... அப்பா..." என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. ஒரு மூச்சு வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது. அம்மா வரும்வரை அவரை நான் கீழே சாய்க்கவே இல்லை.

மறுநாள் லேப்டாப்பை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அடிமூடியைக் கழற்றியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இதுல ஃபேனே இல்லையே தம்பி."

"நல்லா பாருங்கண்ணே. ராத்திரி பூரா ஓடுச்சு."

"எது ஓடுச்சு? இடம் காலியா இருக்கு. யாரோ கழட்டி எடுத்துட்டாங்க. அதான் இந்தக் கொதி கொதிக்குது."

கடை வாசலிலேயே நின்று அந்த அக்காவுக்கு போன் செய்தேன். திட்டுவதற்குத்தான் செய்தேன்.

"ஃபேன் இல்லாத லேப்டாப்பையா என் தலையில கட்டினீங்க?"

"என் தம்பிதான் கழட்டினான்" என்றார். "அந்தச் சத்தத்தைக் கேக்க முடியலன்னு. கழட்டின பிறகும் கேக்குதுன்னு அழுதான். அதான் வித்துட்டேன்."

"என்ன சத்தம்?"

"எங்க அப்பாவுக்கு மூச்சிழுப்பு. அன்னிக்கு இவன் கேம் ஆடிட்டு இருந்திருக்கான். பின்னாடி கட்டில்ல அவரு மூச்சுக்குத் தவிச்சிருக்காரு. இவன் ஃபேன் சத்தம்னு நினைச்சுட்டான்..."

அவரே மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"நின்னதும் திரும்பிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க்கா."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"அவன் பார்க்கலையே" என்றார்.