டப்பாவின் அடியில் இருந்த பொடி எழுத்து

மூக்கு நுனியில் இனிப்பாக ஒட்டிக்கொண்டு, சற்று நேரத்தில் தும்மலை வரவழைக்கும் வாசனை அது. எழுபதுகளின் கடைசியில், நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தன் கொழுந்தனார் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பவுடர் டப்பாவையும் எடுத்து வந்தார். மூன்று மாதக் குழந்தையான என் தம்பியைக் குளிப்பாட்டியதும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் தன் கையாலேயே அதை அப்பிவிட்டு, "சீமைப் பவுடரு, புள்ள எப்புடி மணக்குது பாரு" என்று பூரித்துப்போனார்.

சித்திரை வெயிலில் தம்பியின் தொடை இடுக்கு ஏற்கெனவே வேர்வையில் வெந்து சிவந்திருந்தது. சில நாட்களில் அது தோலுரிந்து ரணமானது. குடித்த பாலைக் கக்கினான். அழத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தான். இன்னும் கொஞ்சம் போட்டால் ஆறிவிடும் என்றார் அத்தை. அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் பிரெஞ்சு எழுத்து.

"இதுல என்னதான் கலந்திருக்காங்க அண்ணி?"

"வெள்ளக்காரங்களே போட்டுக்குறாங்க, ஒன் புள்ளைக்கு மட்டும் ஆவாதா?" என்று சீறினார் அத்தை.

அம்மா தம்பியைத் தோளில் சாய்த்து, டப்பாவை என் கையில் கொடுத்து, காரைக்கால் பஸ் ஏறினார். தலத்தெருவில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். ஊருக்கு அவர் "சொல்தா ஐயா"; சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். டப்பாவின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தவர் முகம் மாறியது.

"போரிக் ஆசிட் சேத்திருக்காங்கம்மா. கைக்குழந்தைக்கும் தோல் உரிஞ்ச எடத்துக்கும் போடக்கூடாதுன்னு இதுலயே எழுதியிருக்கு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, அது புண் வழியாக உடம்புக்குள் இறங்கியிருக்கும் என்றும் டப்பாவைக் கையோடு கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றும் சொன்னார். நான்காம் நாள் தம்பி வீறிட்டு அழுதபோது அம்மா சிரித்துக்கொண்டே அழுதார்.

வீடு திரும்பியதும் அம்மா பவுடரைக் குழி தோண்டிப் புதைத்தார். அக்கா மனசு நோகுமே என்று அப்பா தயங்கினார்.

"அண்ணி மனசு நோவட்டுங்க. புள்ள ஒடம்பு நோவக்கூடாது."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை அன்றே மூட்டையைக் கட்டினார். ஒரு வருஷம் வாசற்படி மிதிக்கவில்லை. அம்மாவும் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவில்லை. பிறகு ஒருநாள், தன் மகளுக்குக் குழந்தை பிறந்த பத்தாம் நாள், கையில் ஒரு சீமைத் தைலப் புட்டியோடு வந்து நின்ற அத்தை, "சொல்தா வூட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியா?" என்று மட்டும் கேட்டார். அம்மா உடனே செருப்பை மாட்டிக்கொண்டார்.

சொல்தா ஐயாவும் அத்தையும் இன்று இல்லை. பிரெஞ்சு படித்துச் சொல்ல ஊரில் அப்படி ஒருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கும் கண் மங்கிவிட்டது. போன வாரம் என் பேத்திக்கு வாங்கி வந்த தைலப் புட்டியைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல படி."