மரியநாயகம் சேரும் எங்கள் பின்வாசலும்

மரியநாயகம் சேர் காலமான செய்தி எனக்கு வந்தபோது காலை பத்து மணி. அவருடைய மகள் ஜெசிந்தா கொட்டாஞ்சேனையிலிருந்து அழைத்தார். விடியற்காலையில் நெஞ்சு நோகிறது என்று சொன்னாராம். ஓட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். பிறகு எடுக்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டுக் கல்லூரியின் பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடினேன். நான் பயந்தபடியே கீழே பின்வாசலின் கிறில் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. ஏழரை மணிக்கு வந்து அதைத் திறக்கிற மனிதர் அன்று வரவில்லை. இரண்டரை மணித்தியாலமாக மேலே மூன்று மாடிகளிலும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கதவு பூட்டியிருந்ததை நான் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை. என்னிடமிருந்த திறப்பால் அதைத் திறந்துவிட்டு, அங்கே கிடந்த அவருடைய பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அழுதேன்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற எங்கள் கல்லூரிக்கு அவர் பாதுகாப்பு அலுவலர். நான் அதன் பதிவாளர். துறைமுகத் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகு எங்களிடம் வந்தவர். பெற்றோராகிய உங்களில் பலருக்கு அவரை அந்தக் கதிரையில் இருந்த மெலிந்த கிழவராகத்தான் தெரியும். சில பெற்றோர் அவரைக் காவலாளி என்று நினைத்து, வாகனத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவரும் மறுக்காமல் பார்த்துக்கொண்டார். நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கல்லூரி என்னைக் கேட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் இது முடியாது. முடிந்த பிறகு இதை அச்சிடுவார்களா என்பதும் சந்தேகம்தான்.

முதல் நாள் வந்தபோது அவருக்குக் காட்டுவதற்கு நான் ஒரு தடித்த கோவை தயாராக வைத்திருந்தேன். அவசரகாலத் திட்டம் என்று பொன்னெழுத்தில் பெயர் போட்டது. அவர் அதைத் திறக்கவேயில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவியபடி பின்பக்கப் படிக்கட்டால் இறங்கத் தொடங்கினார். நான் பின்னால் போனேன், விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில். கீழே கிறில் கதவில் கை பட்டதும் நின்றார். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

“மிஸ், இந்தப் பூட்டுக்குத் திறப்பு யாரிட்ட இருக்கு?” என்று கேட்டார்.

எங்கேயோ இருக்கும், தேடவேண்டும் என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் சொன்ன விளக்கங்கள் எல்லாம் எனக்கே பிடிக்கவில்லை.

விளக்கங்கள் உங்களுக்கும் தெரிந்தவைதான். வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டுக்குள் போவதற்கு எத்தனை பூட்டுத் திறக்கவேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எண்பத்து மூன்று இனக்கலவரத்தைப் பார்த்தவர்கள் பூட்டினார்கள். சுற்றிவளைப்பும் அடையாள அட்டைச் சோதனையும் பொலிஸ் பதிவுமாக இருந்த போர்க்காலத்தில் இன்னொரு பூட்டுப் போட்டார்கள். அந்த ஈஸ்டர் ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு மிச்சமிருந்த வாசல்களும் பூட்டப்பட்டன. பூட்டிய வீட்டுக்குள் இருந்து உயிர் தப்பியவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஒரு கதவைத் திறந்து வை என்று யாராவது சொன்னால் நாங்கள் முதலில் பூட்டைத்தான் தொட்டுப் பார்ப்போம்.

அது எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதை முதலாவது தீயணைப்பு ஒத்திகையில் கண்டோம். மணி அடித்ததும் எல்லோரும் படிக்கட்டால் இறங்கி ஒழுங்கைக்கு வரவேண்டும். கீழ் மாடிகளில் இருந்தவர்கள் வந்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு வகுப்பு வரவேயில்லை. நானும் சேரும் மேலே போய்ப் பார்த்தோம். விரிவுரையாளர் கதவை உள்ளே தாழிட்டு, விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார். பிள்ளைகள் நிலத்தில் சத்தமில்லாமல் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தேசிய அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள். அப்படிச் செய்யும்படி ஒருவரும் சொல்லவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குச் சுற்றிவளைப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த பழக்கம்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இறங்கி வரும்போது மெதுவாகச் சொன்னார்: “இவங்களுக்கு ஆபத்து எண்டா வாசலால வாற ஆள்தான், மிஸ். நெருப்பு வாசலால வராது. உள்ளுக்க இருந்துதான் வரும்.”

அவர் வேலை எங்கள் கல்லூரியோடு முடியவில்லை. கொட்டாஞ்சேனையில் அவர் இருந்த அடுக்குமாடிக்கும் அவரே பொறுப்பெடுத்துக்கொண்டார். ஒருநாள் தேவாலயத்தில் பூசை முடிந்த பிறகு நடந்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். குடியிருப்பாளர்கள் கமரா வேண்டும், காவலாளி வேண்டும், மதிலை உயர்த்தவேண்டும் என்று சத்தம் போட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாலாம் மாடியில் படுத்த படுக்கையாக ஓர் அம்மா இருக்கிறாரே, அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கப்போகிற இரண்டு பேர் யார் என்று கேட்டார். கடைசியில் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் கை உயர்த்தினார். சேர் அவருடைய பெயரை எழுதிக்கொண்டு, “நல்லது. நீங்க வேலைக்குப் போன நேரம்?” என்று கேட்டார்.

எங்கள் கதவுக்கு வருகிறேன். கல்லூரிப் பணிப்பாளரோடும் பெற்றோரோடும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அவர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் பின்வாசல் திறந்திருக்கும். காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் பதிவாளரின் பொறுப்பு. அதற்கென்று ஒரு தாள் அடித்துத் தந்தார். நாள், திறந்த நேரம், கையெழுத்து. அவர் வருவது திங்களும் வெள்ளியும்தான். வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தாளை வாங்கித் தன் கோவையில் போட்டுக்கொள்வார்.

சில மாதங்கள் ஒழுங்காகத்தான் திறந்தேன். பிறகு ஒருநாள் இரண்டாம் மாடியில் ஒரு மடிக்கணினி காணாமல் போனது. தெரியாத ஒரு ஆள் பின்பக்கத்தால் வந்து போனதைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஏசினார். ஒரு தாய் என் மேசைக்கு முன்னால் நின்று, இன்றைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனவன் நாளைக்கு எதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான் என்று கேட்டார். அடுத்த நாள் நான் கதவைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆனால் தாளில் ஏழரை மணி என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். திங்களும் வெள்ளியும் மட்டும் அவர் வருவதற்கு முன் போய்த் திறந்துவைத்தேன். இப்படியே நாலு மாதம் போனது. அதைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே நினைத்தேன்.

நெருப்பு ஒரு புதன்கிழமை வந்தது. முன்படிக்கட்டின் கீழே இருந்த மின்சாரப் பலகையில் பிடித்தது. அருகில் அடுக்கியிருந்த பழைய வினாத்தாள் கட்டுகள் பற்றிக்கொண்டன. நெருப்பு பெரிதில்லை, புகைதான் பெரிது. கறுப்பாக, தடிப்பாக, முன்படிக்கட்டால் மேலே ஏறியது. மணி அடித்தது. இந்த முறை பிள்ளைகள் கதவைத் தாழிடவில்லை. அடையாள அட்டையைத் தேடவில்லை. அவர் பழக்கியபடியே வரிசையாகப் பின்பக்கப் படிக்கட்டுக்கு வந்தார்கள். வந்து பூட்டிய கதவில் முட்டினார்கள்.

அன்று அவர் வரவேண்டிய நாள் அல்ல. தீயணைப்புக் கருவிகளுக்கு மருந்து நிரப்ப வந்தவர்களைப் பார்ப்பதற்காக வந்து இரண்டாம் மாடியில் நின்றிருந்தார். என் அறை கீழே இருந்தபடியால் நான் முன்பக்கத்தால் ஒழுங்கைக்கு வந்துவிட்டேன். என் வயதுப் பெண்கள் எங்கே ஓடினாலும் கைப்பையை விட்டுவிட்டு ஓடமாட்டார்கள். திறப்பு அதற்குள் இருந்தது. அடுத்த ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துக்கு ஓடினேன். அந்தத் தூரத்தை இப்போது நடந்து பார்த்தால் மூன்று நிமிடம்கூட வராது. அன்று அது முடியவேயில்லை.

உள்ளே நடந்ததைப் பிள்ளைகள் சொல்லித்தான் அறிந்தேன். பின்னால் வந்தவர்கள் தள்ள, முன்னால் நின்றவர்கள் கிறிலோடு நசிபடத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் மணிக்கட்டு முறிந்தது அப்போதுதான். சேர் மேலே நின்று, எல்லோரையும் நின்ற படியிலேயே குந்தி இருக்கச் சொன்னார். பெரிய சத்தம் போடவில்லையாம். “நான் கதைக்கிறது கேக்குதா? அப்ப உங்களுக்கு மூச்சு இருக்கு. இருங்க,” என்றாராம். மேல் படியிலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் குந்தினார்கள். தள்ளுவது நின்றது. அவர்களுடைய தோள்களுக்கிடையே கால் வைத்து வைத்து அவர் கீழே இறங்கினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கிறிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய முகம் இருந்தது. அவசரத்தில் எனக்குத் திறப்பு துவாரத்துக்குள் போகவில்லை. அவர் கம்பிக்கிடையால் கையை நீட்டி, “தாங்க மிஸ்,” என்றார். வாங்கி ஒரே திருப்பில் திறந்தார். பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்தார்கள். அவர் மட்டும் திரும்பி மேலே ஏறினார். மூன்றாம் மாடிக் கழிவறைகளில் யாரும் அகப்பட்டிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டுமாம். ஒருவரும் இருக்கவில்லை. ஆனால் அவர் இறங்கி வரும்போது இருமிய இருமல் பிறகு அவரை விடவேயில்லை.

மறுநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எதிரே இருந்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான் வேறு எதையும் சொல்லியிருக்கலாம். “திங்களும் வெள்ளியும் திறந்தனான் சேர்,” என்றேன்.

“அப்ப நான் வாற நாளாப் பார்த்துத்தான் நெருப்பு வரவேணும்,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். விசாரணை அறிக்கையை நானே எழுதவேண்டும் என்றும், அதில் நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். தான் எழுதினால் அது என்மேல் ஒரு முறைப்பாடாகப் போய்விடும். நான் எழுதினால் மற்றவர்கள் படித்துத் திருந்துவார்கள் என்பது அவர் எண்ணம்.

நான் எழுதினேன். பூட்டு துருப்பிடித்திருந்தபடியால் திறக்கத் தாமதமானது என்று எழுதினேன். பணிப்பாளர் அதைப் படித்து, புதிய பூட்டு வாங்கும்படி உத்தரவிட்டார். சேர் படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

அடுத்த திங்களிலிருந்து அவர் தினமும் வரத் தொடங்கினார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து, ஏழரை மணிக்கு வந்து, தன் கையாலேயே கதவைத் திறந்து, அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு மாலைவரை இருந்தார். யாரும் கேட்கவில்லை. என்னை நம்பாமல்தான் வந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். மழையிலும் வந்தார். காய்ச்சலோடும் வந்தார். இருமல் சத்தம் முதலாம் மாடிவரை கேட்கும். வீட்டில் இருந்து ஓய்வெடுங்கள், நான் சத்தியமாகத் திறக்கிறேன் என்று சொல்ல எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. சொல்ல எனக்கு முகமில்லை. வைத்தியர் இருதயம் என்றுதான் எழுதியிருக்கிறார். நானும் அதையே நம்ப விரும்புகிறேன்.

செத்த வீட்டில் ஜெசிந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கோவையைத் தந்தார். அப்பா என்னிடம் கொடுக்கச் சொல்லி எடுத்து வைத்திருந்தாராம். உள்ளே அந்தத் தாள்கள். நாலு மாதத்துக் கையெழுத்தும் ஒன்று விடாமல் இருந்தது. நெருப்பு வந்த அந்தப் புதன்கிழமைத் தாளை மட்டும் பணிப்பாளருக்குக் காட்டியிருந்தாலும் எனக்கு இந்த வேலை இருந்திருக்காது. அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. கிழித்துப் போடவுமில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் எல்லாப் பெற்றோருக்கும் ஓர் அறிவித்தல் போயிருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். அன்னாருடைய சேவையைப் பாராட்டி இரண்டு வரி. அதற்குக் கீழே, கண்காணிக்க ஆள் இல்லாதபடியால் பின்வாசலை நிரந்தரமாக மூடிவிடுவது பற்றி வரும் சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுக்கப்படும் என்று ஒரு வரி. பெரும்பாலானவர்கள் மூடவே விரும்புகிறார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. நானும் அந்தப் பக்கத்தில் இருந்தவள்தான்.

மரியநாயகம் சேருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கோவை மட்டும்தான். அதில் உள்ளவை என் கையெழுத்துகள். சனிக்கிழமை அதையும் இந்தப் பக்கங்களையும் கொண்டுவருவேன். யாரும் எடுத்துப் பார்க்கலாம். அவர் கேட்டபோது நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அந்தப் பூட்டில் துரு இருக்கவில்லை. நான்தான் அதைப் பூட்டி வைத்திருந்தேன், உங்கள் பிள்ளைகள் மேலே இருக்கும்போது, அவர்களுடைய நன்மைக்கென்று நினைத்து. கூட்டத்தில் கதவை மூடுவதற்குக் கை உயர்த்துகிறவர்கள், உயர்த்துவதற்கு முன்னால், உங்கள் பிள்ளை எத்தனையாம் மாடியில் படிக்கிறது என்று ஒருமுறை எனக்குச் சொல்லிவிட்டு உயர்த்துங்கள்.