காக்காவின் மூக்கும் என் சாயமும்

கல்முனையில் எங்கள் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவியவரை அண்ணன் என்ற முறையில் ‘காக்கா’ என்போம். எதையும் மோந்து பார்த்துத்தான் கழுவுவார். மூக்கும் அதற்கேற்பப் பெரிசு.

ஒரு நோன்பு நாளில் அவருடைய ஈரக்கை பட்டு என் இரண்டு போத்தல்களின் லேபல்களும் கழன்றுவிட்டன. உள்ளே இருந்த மூலக்கூறுகளில் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஒன்று புதினா போல மணக்கும்; அதோடு சேர்ந்தால் மட்டும் நான் செய்த சாயம் ஒளிர வேண்டும். மறுநாள் பரீட்சை, எனக்கோ தடிமனில் மூக்கடைத்து மணமே தெரியவில்லை.

“அழாதீங்க தங்கச்சி, நோன்புக்குத் தின்னத்தான் ஏலா, மோந்து பாக்க ஏலும்!” என்று மூடிகளைத் திறந்தார். “இது புதினா. மத்தது சீரகம் மாதிரி.”

இரண்டிலும் சாயத்தைச் சொட்டு விட்டு, புற ஊதா விளக்கைப் போட்டேன். புதினா மட்டும் நீலமாக ஒளிர்ந்தது.

“அல்லாஹ்! உங்கட சாயத்துக்கும் மூக்கிருக்கு!” என்று துள்ளினார்.

எது எதுவென்று எப்படி உறுதிசெய்தேன் என மறுநாள் பரீட்சகர் கேட்டார். வாசலில் நின்ற மூக்கைக் காட்டினேன்.