தமீம் பெயரில் வந்த மெயில்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே நியாஸ் நடத்திய பிரவுசிங் சென்டரில் கல்லாவும் கணினிகளும் அவன் தங்கை உமைராவின் பொறுப்பு. ஷிப்ட் முடிந்து வரும் சிப்காட் ஆட்களுக்கு மெயில் திறந்து கொடுப்பாள், பயோடேட்டா அடித்துக் கொடுப்பாள். இடையிடையே தன் மெயிலையும் எட்டிப் பார்ப்பாள். ஜித்தாவில் லாரி ஓட்டும் அவள் கணவன் தமீம் அன்சாரியிடமிருந்து ரம்ஜானுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. போன் போட்டாலும் கிடைப்பதில்லை.

2005 முடியும் சமயம், சென்டரில் போட்டிருந்த ஆன்டிவைரஸிலேயே ஓட்டை என்று எச்சரிக்கை வந்தது. சுருக்கிக் கட்டிய ஜிப் கோப்பை அது சோதிக்கப்போனால், உள்ளே பதுங்கியிருப்பது கணினியையே பிடித்துக்கொள்ளுமாம். ஓட்டையை அடைக்கும் அப்டேட் வரும்வரை யாருக்கும் ஜிப் இறக்கித் தரக் கூடாது என்றான் நியாஸ்.

உருக்காலையில் வேலை பார்க்கும் பாக்கியராஜுக்கு ஒரே சிரிப்பு. "இன்னா பாய், கேட்ல பையத் தொறந்து செக் பண்ண வாட்ச்மேனயே, பைக்குள்ள இருந்தவன் கட்டிப் போட்டுட்டானா?"

அதேதான் என்றான் நியாஸ்.

மறுநாள் உமைராவின் மெயிலில் தமீமின் பெயர். கூடவே ஒரு ஜிப். முன்பொரு தடவை அவன் தன் குரலைப் பதிவு செய்து அப்படித்தான் அனுப்பியிருந்தான். ஆனால் இதில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி. தமீம் சலாம் சொல்லாமல் தொடங்கியதே இல்லை.

"இறக்கி மட்டும் வெச்சுக்கறேண்ணே. தொறக்க மாட்டேன்."

"நீ தொறக்காட்டியும் ஆன்டிவைரஸு தானா தொறந்து பாக்கும்மா, அதான் பேஜாரு. மச்சான் குரலு எங்கயும் ஓடிடாது."

அப்டேட் வந்த அன்று நியாஸே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோப்பை இறக்கினாள். வைரஸ் என்று சொல்லி ஆன்டிவைரஸ் அதை அழித்துவிட்டது.

ஜித்தாவில் ஏதோ ஒரு பிரவுசிங் கடைக் கணினியில் வைரஸ் புகுந்து, அதில் கிடந்த முகவரிகளுக்கெல்லாம் மச்சான் பெயரைப் போட்டுத் தானே மெயில் அனுப்பியிருக்கிறது, இது மச்சான் எழுதியது இல்லை என்று நியாஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அப்ப அந்தக் கடையில அவரு ஒக்காந்துக்கினு இருந்திருக்காரு இல்ல?"

"எப்பயோ இருந்திருக்கலாம்."

மெயிலையும் அழித்துவிடச் சொல்லிவிட்டு எழுந்து போனான். வாடிக்கையாளர்களுக்கு உமைராவும் அதைத்தான் சொல்வாள். இதை மட்டும் வைத்துக்கொண்டாள். புது மெயில்கள் வர வர அது கீழே போய்க்கொண்டிருந்தது. கூட்டம் குறைந்த வேளைகளில் அவளும் பக்கம் பக்கமாகப் பின்னால் போய், அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு வந்தாள்.