பௌர்ணமியன்னைக்குப் போன் எடுக்காதவன்

காலையில புருஷன் அன்பரசனுக்கு நெய் ஊத்தித் தோசை சுட்டுக் குடுத்து, "உங்கள மாதிரி மனுசன் கெடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்"னு சொன்னவதான் கீதாஞ்சலி. சாயங்காலம் அதே மனுசனோட சட்டை, லுங்கி எல்லாத்தையும் பையில திணிச்சு வாசல்ல வெச்சுட்டா. நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா, ஒண்ணும் நடக்கல. அவன் போன எடுக்கல, அவ்ளோதான்.

அன்னைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துல ஊரே திணறுது, டவர் கெடைக்கல, ஆட்டோ ஓட்டுறவன் எங்க போன எடுப்பான்? அது அவளுக்குத் தெரியாதா? வேலை பாக்குற செங்கம் ரோட்டு லாட்ஜ்ல உக்காந்து, "இன்னிக்கு போன் கெடைக்காதுங்க"ன்னு வர்றவங்களுக்கெல்லாம் சொல்றவளே அவதான். புத்திக்குத் தெரிஞ்சது நெஞ்சுல எறங்கல. விட்டுட்டான், இனிமே வரமாட்டான்னு மூச்சே அடைச்சுது.

டாக்டர் இதுக்குப் பேரு சொல்லியிருக்கார். மனச்சோர்வு, கூடவே பார்டர்லைன்னு, விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னே மனசு பதர்ற நோய். மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும். இவளோ விரதம். சாப்பாடு இல்லாததால மாத்திரையும் இல்ல. பிரதோஷத்துக்கும் இதே கதை. சாமிக்கு இருக்கிற விரதம் கெடுதல் பண்ணாதுன்னு அவளா ஒரு நியாயம் வெச்சிருந்தா.

போன மாசமும் பை வாசலுக்கு வந்துச்சு. "இன்னொரு வாட்டி வெச்சே, எடுத்துக்கிட்டு கீழ்பென்னாத்தூருக்கு எங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்"னான் அன்பரசன். சொன்னா செய்யறவன். தெரிஞ்சும் வெச்சுட்டா. அவன் போறதுக்குள்ள நாமளே அனுப்பிட்டா வலி கம்மியா இருக்கும்னு ஒரு நெனப்பு.

ஆட்டோ வந்து நின்னுது. அன்பரசன் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"மாத்திரை போட்டியா?"

அவளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "எனக்குக் கோவம் வந்தா மாத்திரைதானா? மனுசிக்குக் கோவமே வரக்கூடாதா? போ. போயிடு."

வாய்தான் 'போ'ங்குது, உள்ள 'போகாத, போகாத'ன்னு அழறா. அன்பரசன் பையைத் தூக்கித் தோள்ல மாட்டினான். கீதாஞ்சலி எப்பவும் சொல்ற 'சும்மா சொன்னேன்' இன்னிக்கு வாயில வரல.

"பயமா இருந்துச்சுங்க. போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவன் நகரல. "டவர் மத்தியானமே வந்துடுச்சு கீதா. நீ கூப்பிட்டதெல்லாம் பார்த்தேன். வீட்டுக்கு வர்றதா வேணாமான்னு தெருமுனையில வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். எனக்கும் பயமாத்தான் இருக்குது."

'வர்றதா வேணாமா'ங்கிற வார்த்தைய அவன் வாயால கேட்டா செத்துடுவோம்னுதான் இத்தினி வருசமா பயந்தா. கேட்டாச்சு. நெஞ்சு கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா நின்னுக்கிட்டுத்தான் இருந்தா.

"நாளைக்கும் அப்படித் தோணுமா?"

அவன் பையைத் தோள்லேருந்து எறக்கினான்.

"தெரியல"ன்னுட்டு, செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தான்.