தொண்ணூத்தஞ்சு காட்டின மெஷின்

எனக்கு வாய் ஜாஸ்தி. மும்பை செம்பூர்ல எங்க பட்டறையில யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஒரு சால்டர் கோணலா விழுந்தாக்கூடக் கூரை பறக்குற மாதிரி கத்துவேன். மெஷின் சொல்றதக் கேளு, உன் மூளையக் கேக்காதன்னு எல்லாருக்கும் பாடம் எடுப்பேன். அந்த வாயாலதான் எங்க அண்ணன் செத்தான். இதை இத்தனை வருஷம் கழிச்சுத்தான் எழுத முடியுது.

லாக்டவுன் போட்ட புதுசுல, விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் செய்ய ஆரம்பிச்சோம். உள்ள ரெண்டு குட்டி விளக்கு. ஒண்ணு சிவப்பு. இன்னொண்ணு ஐஆர், சிவப்புக்கும் அந்தாண்ட இருக்குற வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாது. அது எரியுதான்னு பாக்கணும்னா மொபைல் கேமராவக் கிட்ட கொண்டு போவோம், அதுல மட்டும் லேசா ஊதாவாத் தெரியும். ரெண்டும் மாறி மாறி விரலுக்குள்ள புகுந்து மறுபக்கம் வரும். எது எவ்வளவு வந்து சேருதுன்னு மெஷின் கணக்குப் போட்டு, ஒரு பட்டியலப் பாத்து, ரத்தத்துல ஆக்ஸிஜன் இத்தனைன்னு நம்பர் காட்டும். அந்தப் பட்டியல எழுதினது நான்.

அதை எழுத மனுஷ விரல் வேணும். எங்க முதலாளி மாட்டுங்காக்காரர், பூர்வீகம் பாலக்காடு, நல்ல செவத்த நிறம். அவருக்குக் கைராசின்னு பட்டறையில அப்படி ஒரு நம்பிக்கை. புது மெஷின் எது வந்தாலும் முதல்ல அவரு தொட்டாத்தான் ஓடும்னு அவர் வர்ற வரைக்கும் உறையப் பிரிக்காம காத்துக்கிடப்போம். அதனால இதுக்கும் அவரேதான். ஒரு கையில வெளிநாட்டு மீட்டர், இன்னொரு கையில எங்களோடது, ஆக்ஸிஜன் இறங்கணும்னு மூச்ச அடக்கிக்கிட்டு தினமும் சாயங்காலம் உக்காருவாரு. ரெண்டு நம்பரும் ஒத்துப்போற வரைக்கும் நான் பட்டியலத் திருத்துவேன். இன்னொருத்தர் விரல்ல போட்டுப் பாப்போம்னு ஒருத்தருக்கும் தோணல. கைராசிக்காரர் இருக்கும்போது வேற கை எதுக்கு?

மிச்ச நாங்க எல்லாரும் தாராவிக் கருப்பு. எங்க விரல்ல மாட்டினா தொண்ணூத்தொம்பது, நூறுன்னு நிக்கும். "பாத்தியால, நம்ம ஒடம்பு ஸ்டீலுல்ல"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். குறைச்சுக் காட்டியிருந்தா அன்னிக்கே பிரிச்சுப் போட்டுப் பாத்திருப்பேன். கூடக் காட்டினா யாரு கேப்பா? கருந்தோல் அந்தச் சிவப்பு வெளிச்சத்தக் குழப்பி நம்பரை மேல தள்ளிவிடும். படிச்ச முட்டாள், எனக்கு அது உறைக்கல.

அண்ணன் தாராவியில வெல்டிங் வேலை, என்னைவிட ரெண்டு பங்கு கருப்பு. அவனுக்குக் காய்ச்சல்னதும் முதல் பெட்டியிலருந்து ஒரு மெஷின எடுத்து அனுப்பிவெச்சேன், பெருமையா. நான் பட்டறையிலயே தங்கி வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். மதினி தினமும் மத்தியானம் போன் பண்ணுவாங்க.

"தம்பி, ஒங்க அண்ணன் உதடு நீலம் பூத்துருக்கு. ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேச முடியல."

"மெஷின் எத்தனை காட்டுது?"

"தொண்ணூத்தஞ்சு."

"அப்புறம் என்ன மதினி? தொண்ணூத்தஞ்சுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாத சீக்கெல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். பேசாம படுக்கச் சொல்லுங்க."

மறுநாளும் இதே பேச்சு. மூணாவது நாளு அவங்க வாதாடல. "நீங்களே கேளுங்க தம்பி"ன்னு போனை அவன் நெஞ்சுகிட்ட வெச்சுட்டாங்க. ஈரச் சாக்கைத் தரையில இழுக்குற மாதிரி ஒரு சத்தம். நின்னு, மறுபடி இழுத்து, மறுபடி நின்னு. நல்லாக் கேட்டேன். கேட்டுட்டு, "மெஷின் செஞ்சவன் நானா, நீங்களா?"ன்னு கத்தினேன். மதினி போனை வெச்சுட்டாங்க.

நாலாவது நாள் காலையில அவங்க என்கிட்ட கேக்கல. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவுல அண்ணனைத் தூக்கிப் போட்டுக்கிட்டு, மகளையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. தகவல் தெரிஞ்சு நான் ஓடினேன். ஒருத்தரத்தான் உள்ள விட்டாங்க, நான் போனேன். ஸ்ட்ரெச்சர்ல கிடந்தான். விரல்ல எங்க மெஷின், தொண்ணூத்திமூணு. டாக்டர் மணிக்கட்டுல ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனாரு. திரும்பி வந்து, ஆக்ஸிஜன் எழுபத்தெட்டுதான் இருக்கு, இத்தனை நாள் எங்க போயிருந்தீங்கன்னு ஹிந்தியில எரிஞ்சு விழுந்தாரு. நான் மெஷின அவன் விரல்லருந்து கழட்டி என் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். வெளிய கேட்டுகிட்ட மதினியும் புள்ளையும் நின்னுக்கிட்டிருந்தாங்க. பாத்துக்கிட்டிருக்காங்கன்னு மட்டும் சொன்னேன்.

ரெண்டு நாள்ல அண்ணன் போயிட்டான்.

அந்த வாரமே நான் சோதிச்சுப் பாத்தேன். என் ரெண்டு கையில ரெண்டு மீட்டரையும் மாட்டி, கண்ணு இருட்டுற வரைக்கும் மூச்சடக்கினேன். வெளிநாட்டு மீட்டர் எண்பத்தெட்டுக்கு இறங்கிருச்சு. என்னோடது தொண்ணூத்தாறுல சுகமா உக்காந்திருந்துச்சு. சென்சார்ல கோளாறுன்னு முதலாளிகிட்ட பூசி மெழுகிட்டு, பட்டறையில இருந்த அத்தனை கருப்பு விரலையும் வெச்சுப் பட்டியலப் புதுசா எழுதினேன். அதுக்கு முன்னால போன பெட்டிங்க எந்தெந்த வீட்டுக்குப் போச்சோ, எத்தனை பேரு அதைப் பாத்து நிம்மதியாப் படுத்தாங்களோ, தெரியாது. கேக்கவும் பயம்.

வீட்டுல கதை வேற மாதிரி ஓடுச்சு. தொண்ணூத்தஞ்சு இருந்த மனுஷன ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயி கொன்னுட்டா, கொழுந்தன் தலபாடா அடிச்சுக்கிட்டும் கேக்கலன்னு சொந்தக்காரங்க மதினி காதுபடவே பேசினாங்க. நான் பக்கத்துல உக்காந்து தரையப் பாத்துக்கிட்டு இருந்தேன். சரியாச் சொன்ன ஒரே ஆளு அவங்கதான்னு எனக்கு மட்டும் தெரியும்.

போன்ல கேட்ட அண்ணனோட அந்த மூச்சு என்னை விடல. பட்டறையில கம்ப்ரஸர் ஓடி நிக்கிற நேரம் கேக்கும். குர்லாவுல ஏசி லோக்கல் ரயில் கதவு மூடுறப்போ கேக்கும். கூட்டத்துக்கு நடுவுல திரும்பிப் பாப்பேன். பட்டப்பகல்ல, சோத்தைப் பிசைஞ்ச கையோட அப்படியே உக்காந்திருப்பேன். என்னய்யா, பேயடிச்சிருச்சான்னு பட்டறையில கிண்டல் பண்ணுவாங்க. ஆமாடே, அடிச்சிருச்சுன்னு சொல்லிட்டுச் சாப்பிடுவேன்.

மதினி தாராவிய விட்டு மான்குர்துக்குக் குடிபோயிட்டாங்க. ஞாயித்துக்கிழமைன்னா நான் அங்க போயிருவேன். கறிக்கொழம்பு வெச்சுப் போடுவாங்க, தின்னுட்டு வருவேன். அண்ணன் மகளும் அம்மாவும் ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு, வேணுங்கிறத என் மூலமாச் சொல்லிக்குவாங்க. காலேஜ் புள்ள, வயசுன்னு நினைச்சேன். பொய், அப்படி நினைக்கல. காரணம் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

போன மாசம் அவ எனக்கு போன் பண்ணினா. பூனாவுல வேலை கிடைச்சிருக்காம். "சித்தப்பா, அங்க போயிட்டா அப்புறம் நான் வீட்டுக்கு வரமாட்டேன். மம்மி மூஞ்சியப் பாத்தா அப்பாவ ஆட்டோவுல தூக்கிப் போட்டதுதான் ஞாபகம் வருது. நீங்க வேண்டாம்னு சொன்னீங்கல்ல? ஏன் கேக்கல அவங்க?" இதைச் சொல்லிட்டு அழுதா.

அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல. மறுநாள் சாயங்காலமே போனேன். மதினி கீழ உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. மக துணிய அடுக்கிக்கிட்டு இருந்தா. நின்ன வாக்குல எல்லாத்தையும் சொன்னேன். முதலாளி விரலு, பட்டியலு, எழுபத்தெட்டு, பாக்கெட்ல போட்டது, மூச்சடக்கிப் பாத்தது, எல்லாம். "ஒங்க அம்மா சொன்னதுதான் சரி தாயி. முதல் நாளே அவங்க பேச்சக் கேட்டிருந்தா ஒங்க அப்பன் இருந்திருப்பான்." 

புள்ள கையில இருந்த துணியக் கீழ போட்டுட்டு அம்மா பக்கத்துல போயி உக்காந்தா. அம்மான்னு கூப்பிட்டா. மம்மி இல்ல, சின்னதுல கூப்பிட்டமாதிரி அம்மா. மதினி தோள்ல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு கதறினா. மதினி அவ முதுகைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் என்னைப் பாத்தாங்க.

"ஒங்க அண்ணன் போனது தெரியாம நடந்தது. அதுக்கு ஒங்கள நான் ஒண்ணும் சொல்லல"ன்னாங்க. "எம்புள்ள என்னயக் கொலகாரியப் பாக்கமாதிரிப் பாத்தாளே, அதத் தெரிஞ்சுக்கிட்டே எங்கையால வாரா வாரம் வாங்கித் தின்னீங்களே தம்பி. எப்படி எறங்குச்சு?"